பொறிக்கும் சில்லுக்கும் இடையே: ஜேர்மனியின் டீசல் எஞ்சின்கள்

பாரம் ஏற்றிய மாட்டு வண்டியை ஓட்டிச் செல்வதிலும் பார்க்க, நின்றுவிட்ட வண்டியை மீண்டும் அசைப்பதே கடினம் என்பதை வண்டிக்காரர் எவரும் அறிவர். வண்டி ஓடத் தொடங்கியபின் மாடுகள் சற்று ஆறுதலாக நடக்கலாம். முதல் அடியிலோ அவை தம் முழுப் பலத்தையும் நுகத்தடியில் சாய்த்தே ஆகவேண்டும். ஆயிரம் தொன் நிலக்கரியையோ இரும்புக் கனிப்பொருளையோ ஏற்றிச் செல்லும் சரக்குப் புகையிரதத்திற்கும் இதுவே விதி. அது அசையாது நிற்கும் வேளையிலேதான் எஞ்சினிடமிருந்து மிகப் பெரிய இழுவை வேண்டப்படுகின்றது. வேகம் கூடக்கூட, வேண்டப்படும் இழுவை குறைந்து செல்கின்றது.

நீராவி எஞ்சின் இவ்விதிக்கு இயல்பாகவே இசைந்து நடந்தது. கொதிகலனில் அடைபட்டிருக்கும் ஆவியை உருளைக்குள் திறந்துவிட்டால், சில்லுகள் சுழலத் தொடங்கு முன்னரே அது ஆடுதண்டை முழு அமுக்கத்துடன் தள்ளும். டீசலின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அது முதலில் வெறும் காற்றை உள்ளிழுத்து, அதனை மிகச் சிறிய இடத்துக்குள் நெருக்குகின்றது. நெருக்குண்ட காற்று 500 பாகை சென்றிகிரேட்டுக்கு மேல் சூடேறுகின்றது. அவ்வேளையில் தெளிக்கப்படும் எண்ணெய், தீப்பொறி எதுவுமின்றித் தானே பற்றி எரிகின்றது. இது நடைபெற வேண்டுமாயின் பொறி முன்னரே சுழன்றுகொண்டிருத்தல் வேண்டும். சுழற்சி ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் அது இளைத்து நின்றுவிடும். நின்ற டீசலிடம் எள்ளளவு இழுவையும் இல்லை.

இப்பேச்சில் புகையிரதத்தை இழுக்கும் முழு ஊர்தியை எஞ்சின் என்றும், அதனுள் இருந்து எண்ணெயை எரித்து வலுவைப் பிறப்பிக்கும் பகுதியைப் பொறி என்றும் குறிப்பிடுவோம். அவ்வாறு பிரித்துப் பார்த்தால், டீசல் எஞ்சினின் வரலாறு முழுவதும் ஒரே வினாவைச் சுற்றி அமைந்திருப்பது புலனாகும். ஓயாது சுழன்றுகொண்டிருக்க வேண்டிய பொறியின் வலுவை, அசையாது நிற்கும் சில்லுக்குக் கொண்டு சேர்ப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு ஜேர்மனி தனக்கென ஒரு விடை கண்டது. உலகின் பிற நாடுகள் பெரும்பாலும் மின்சாரத்தை நாடிச் சென்ற காலத்தில், ஜேர்மனியரோ எண்ணெயின் ஓட்டத்தையே நம்பினர். அந்நம்பிக்கை எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதைச் சற்று ஆராய்வோம்.

றுடோல்ப் டீசல் 1858ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், பவேரியாவிலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். மியூனிச் நகரில் பொறியியல் பயின்ற அவர், தமது பொறியை 1897ஆம் ஆண்டில் அவுக்ஸ்பேர்க் இயந்திரத் தொழிற்சாலையில் ஓட்டிக் காட்டினார். எரிபொருளில் உறைந்திருக்கும் சக்தியில் நூற்றுக்கு 26 பங்கை அது பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் பத்தில் ஒரு பங்கைப் பயன்படுத்துவதே அரிதாயிருந்தது. ஆகவே இப்பொறியைத் தண்டவாளத்தின்மேல் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசை எழுந்ததில் வியப்பில்லை.

அந்த ஆசையின் முதற் பெரிய முயற்சி 1912ஆம் ஆண்டில் உருவாயிற்று. டீசலும், குளோசே என்னும் பொறியியலாளரும், சுவிற்சர்லாந்தின் சுல்சர் நிறுவனமும் சேர்ந்து திட்டமிட்ட எஞ்சின் அது. பேர்லினின் போர்சிக் தொழிற்சாலையும் அதன் ஆக்கத்தில் பங்குகொண்டது. பொறியின் சுழல்தண்டு இணைகோல்களால் சில்லுகளுடன் நேரடியாகவே பிணைக்கப்பட்டிருந்தது. பொறிக்கும் சில்லுக்கும் இடையே வேறொன்றும் இல்லை. எனவே சில்லு நின்றால் பொறியும் நின்றது. புறப்படும்போது சேமித்து வைத்த அமுக்கக் காற்றை உருளைகளுள் விட்டு, மணிக்கு 10 கிலோமீற்றர் அளவு வேகம் வந்தபின்னரே எண்ணெயை எரிக்கத் தொடங்க இயன்றது. அந்த எஞ்சின் 1913ஆம் ஆண்டில் விந்தர்தூரிலிருந்து பேர்லின்வரை ஓடிச் சென்றது உண்மையே. எனினும் அடிக்கடி நின்று புறப்படும் புகையிரத சேவைக்கு அது உதவாது என்பதும் அப்பரீட்சைகளிலேயே தெளிவாயிற்று. அதே 1913ஆம் ஆண்டின் செப்தெம்பரில், இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த கப்பலிலிருந்து டீசல் காணாமற்போனார். அடுத்த ஆண்டில் உலகப் போர் மூண்டது, முயற்சி கைவிடப்பட்டது.

போருக்குப் பின்னர் வேறு வழிகள் ஆராயப்பட்டன. 1924ஆம் ஆண்டில், லொமொனோசொவ் என்னும் ரஷ்யப் பொறியியலாளரின் திட்டப்படி, ஜேர்மனியின் எஸ்லிங்கன் தொழிற்சாலை சோவியத் நாட்டுக்காக ஓர் எஞ்சினைக் கட்டிக் கொடுத்தது. அதில் டீசல் பொறி ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றியது. மின்னோட்டம் அச்சுகளில் இருந்த மோட்டர்களைச் சுழற்றியது. இதே எஸ்லிங்கன் தொழிற்சாலையும் மான் நிறுவனமும் 1920களின் இறுதியில், டீசலால் காற்றை அமுக்கி அக்காற்றால் நீராவி எஞ்சினைப்போல ஆடுதண்டுகளை இயக்கும் ஓர் எஞ்சினையும் செய்து பார்த்தன. அது ஒன்றே ஒன்றாக நின்றுவிட்டது. மின்வழி நன்கு செயற்பட்டது. ஆனால் செம்பும் இரும்பும் நிறைந்த மின்பிறப்பாக்கியும் மோட்டர்களும் அக்காலத்தில் மிகுந்த பாரமுடையனவாய் இருந்தன.

ஜேர்மனி விடைகாண அவசரப்படாமைக்கு மற்றுமொரு காரணமும் உண்டு. ரூர்ப் பள்ளத்தாக்கில் நிலக்கரி மலைபோற் குவிந்து கிடந்தது. எண்ணெயோ பெரும்பாலும் கடல்கடந்து வரவேண்டியிருந்தது. டீசல் பொறியைப் பெற்ற நாடே அதனைப் புகையிரதப் பாதையில் தாராளமாகப் பயன்படுத்தத் தயங்கியதன் பொருள் இதுதான்.

விடை ஈற்றில் வந்தது கப்பற்றுறையிலிருந்து. ஸ்டெற்றின் நகரின் வுல்கான் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய ஹேர்மன் பெட்டிங்கர் என்பவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. நீராவிச் சுழலி மிக விரைவாகச் சுழலும். கப்பலின் உந்துவிசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் நன்கு வேலை செய்யும். அத்தகைய பெருவலுவைத் தாங்கும் பற்சில்லுகளை ஆக்குதல் அன்று கடினமாயிருந்தது. ஆகவே 1905ஆம் ஆண்டில் அவர் திரவத்தின் ஓட்டத்தாலேயே வலுவைக் கடத்தும் ஒரு கருவிக்கு உரிமை பெற்றார். பிற்காலத்தில் நல்ல பற்சில்லுகள் வந்தமையால் கப்பல்கள் அதனை மறந்தன. தண்டவாளமோ அதனை எடுத்துக்கொண்டது.

அதன் அமைப்பை மனக்கண்ணால் காண்பது அரிதன்று. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அது வீசும் காற்றினால் மற்றையதும் சுழலத் தொடங்கும். சுழலும் விசிறியைத் தடுத்து நிறுத்தினாலும் ஓட்டும் விசிறிக்கு யாதொரு தீங்கும் நேராது. காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் நெருக்கி வைத்துவிட்டால் கருவியின் பாதி அமைந்துவிடும். பொறியினாற் சுழற்றப்படுவது பம்பி வளையம். அது எண்ணெயை விசையுடன் வீசுகின்றது. சில்லுகளுக்குச் செல்லும் தண்டில் இருப்பது சுழலி வளையம். அது அவ்வெண்ணெயின் அடியைத் தன் இதழ்களில் வாங்கிக்கொள்கின்றது.

மற்றைய பாதியே பெட்டிங்கரின் நுட்பம். எண்ணெயின் சுற்றுப் பாதையில் அசையாத மூன்றாவது வளையம் ஒன்று உண்டு. அது கூட்டுடன் இறுகப் பொருத்தப்பட்டது. பாயும் எண்ணெயைத் திசைதிருப்பி வழிகாட்டுவது அதன் தொழில். தோணியில் நிற்பவன் தன் கோலை அசையாத தரையில் ஊன்றித் தள்ளும்போது தோணி விரைந்து நகர்வதைப்போல, எண்ணெயும் இந்த அசையா வளையத்தில் ஊன்றிக்கொண்டு சுழலியை மேலும் வலிமையாகத் தள்ளுகின்றது. இதனால் பொறி கொடுக்கும் முறுக்கத்திலும் பல மடங்கு பெரிய முறுக்கம் சில்லுகளுக்குக் கிடைக்கின்றது. சுழலி நிற்கும்போதுதான் இப்பெருக்கம் மிக அதிகம்; அது விரைவடைய விரைவடையப் பெருக்கம் தானாகவே குறைகின்றது. புறப்படும் சரக்கு வண்டி எதனை வேண்டி நின்றதோ, அதனையே எண்ணெய் தன் இயல்பால் வழங்கிற்று.

ஆயினும் ஒரு குறை இருந்தது. இக்கருவி ஏதோவொரு வேகத்தின் அண்மையில்தான் சிக்கனமாக வேலை செய்யும். மற்றைய வேகங்களில் வலுவின் ஒரு பகுதி வெறுமனே எண்ணெயைச் சூடாக்கி வீணாகும். நீர்ச்சுழலிகளை ஆக்குவதில் பெயர்பெற்ற ஹைடன்ஹைம் நகரின் வொயித் நிறுவனம் இதற்கு வழி கண்டது. வெவ்வேறு வேகங்களுக்கு ஏற்ற இரண்டு அல்லது மூன்று கருவிகளை ஒரே பெட்டிக்குள் அமைத்து, வேண்டியதை மட்டும் எண்ணெயால் நிரப்பி மற்றவற்றை வெறுமையாக்கும் முறை அது. ஒன்றிலிருந்து எண்ணெய் வடியும்போதே மற்றையது நிறைந்துவிடும். பற்களைக் கழற்றிப் பூட்டவேண்டிய தேவை இல்லை. ஓட்டத்தின் நடுவே இழுவை அறுந்து பெட்டிகள் ஒன்றையொன்று இடிப்பதும் இல்லை. சூடான எண்ணெய் நீரினாலும், நீர் பெரிய காற்றாடிகளினாலும் குளிரூட்டப்பட்டன.

இம்முறையில் அமைந்த முதற் பெரிய எஞ்சின், ஜேர்மன் புகையிரதப் பாதையின் நூற்றாண்டு விழா நிகழ்ந்த 1935ஆம் ஆண்டில் நூரன்பேர்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டது. கிரவுஸ்-மாபை நிறுவனம் கட்டிய அதில் மான் நிறுவனத்தின் 1400 குதிரைவலுப் பொறியும் வொயித் கருவியும் பொருத்தப்பட்டிருந்தன. பிற்காலத்தில் வீ 140 என வழங்கிய அந்த எஞ்சின், வழி சரியானதே என்பதை நிறுவிற்று. ஆனால் அதனைத் தொடர்ந்து வந்தது போர். போர்க்காலத்தில் எளிய நீராவி எஞ்சின்களே ஆயிரக்கணக்கிற் கட்டப்பட்டன. படைத்துறையின் சிறிய 360 குதிரைவலு டீசல் எஞ்சின்களைத் தவிர இத்துறையில் முன்னேற்றம் எதுவும் நிகழவில்லை.

1949ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியில் டொய்ச்ச பூண்டஸ்பான் என்ற பெயருடன் அரசாங்கப் புகையிரத நிறுவனம் உருவாகியபோது, அது தன் எதிர்காலத்தைத் திட்டமிட வேண்டியிருந்தது. முக்கிய பாதைகள் மின்மயமாக்கப்படும். ஏனையவற்றுக்கு டீசல் எஞ்சின்கள் வரும். அந்த டீசல்கள் எண்ணெய்வழி வலுக்கடத்தும் முறையைச் சார்ந்தனவாகவே இருக்கும் என்று முடிவாயிற்று. 1952ஆம் ஆண்டில் பத்து எஞ்சின்கள் கொண்ட வீ 80 வகுப்பு வந்தது. இதில் இணைகோல்கள் இல்லை. எண்ணெய்க் கருவியிலிருந்து சென்ற மூட்டுத்தண்டுகள், திரும்பும் தன்மையுள்ள சில்லுத்தொகுதிகளில் இருந்த அச்சுகள் அனைத்தையும் சுழற்றின. இவ்வமைப்பினால் ஒரு சிறந்த நன்மையும் விளைந்தது. ஒரே தண்டினாற் பிணைக்கப்பட்ட அச்சுகளில் ஒன்று மட்டும் தனியே வழுக்கிச் சுழல முடியாது. மற்றவை அதனைப் பிடித்து நிறுத்தும். மழையில் நனைந்த தண்டவாளத்தில் பாரம் இழுப்போருக்கு இதன் அருமை தெரியும்.

1953ஆம் ஆண்டில் வெளிவந்த வீ 200 வகுப்பு இம்முறையின் புகழை உலகெங்கும் பரப்பிற்று. இரண்டு விரைவுப் பொறிகள், 2000 முதல் 2200வரை குதிரைவலு, நிறையோ ஏறத்தாழ 80 தொன் மட்டுமே. மைபாக், டைம்லர்-பென்ஸ், மான் ஆகிய மூன்று நிறுவனங்களின் பொறிகளையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் பொருத்தலாம். பிரித்தானிய புகையிரதத்தின் மேற்குப் பகுதி இவ்வமைப்பைத் தழுவி 1958ஆம் ஆண்டு முதல் சுவிண்டன் நகரில் எஞ்சின்கள் கட்டியது. அவை 78 தொன் நிறையில் 2200 குதிரைவலு தந்தன. அதே காலத்தில் அதே நாட்டில் ஆக்கப்பட்ட டீசல்-மின் எஞ்சின் ஒன்று 2000 குதிரைவலுவுக்கு 133 தொன் நிறையைச் சுமந்து சென்றது. ஜேர்மனியர் எண்ணெயை நம்பியதன் நியாயத்தை இவ்விரண்டு எண்களும் எடுத்துரைக்கும்.

வீ 200 தொடக்கத்தில் பயணிகளின் விரைவு வண்டிகளுக்காக வந்தது. சரக்குப் போக்குவரத்தின் அன்றாடச் சுமையைத் தாங்கியவை புகழ் குறைந்த வேறு எஞ்சின்களே. 1955ஆம் ஆண்டிலிருந்து 900க்கு மேற்பட்ட எண்ணிக்கையில் வந்த 650 குதிரைவலு வீ 60 எஞ்சின், நிலைய முற்றங்களில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்தது. அதற்கு இரண்டு ஓட்டப் படிகள் உண்டு: முற்றத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர், வெளிப்பாதையில் 60 கிலோமீற்றர். கிளைப்பாதைகளுக்கு 1958ஆம் ஆண்டிலிருந்து 700க்கு மேற்பட்ட வீ 100 எஞ்சின்கள் வந்தன. பெரிய முற்றங்களுக்கு 1964இலிருந்து 1100 குதிரைவலுவுள்ள வீ 90 வந்தது. நடுத்தரப் பாரங்களுக்கென 1960இல் ஒற்றைப் பொறியுடன் கூடிய 1900 குதிரைவலு வீ 160 தோன்றியது; இக்குடும்பத்தின் கடைசிக் கிளையாகிய 218 வகுப்பில் மட்டும் ஏறத்தாழ 400 எஞ்சின்கள் கட்டப்பட்டன.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்கலாம். எண்ணெய்வழி எஞ்சினின் சிறப்பு அதன் இலேசு என்று கண்டோம். ஆனால் இலேசான எஞ்சின் பாரமான வண்டியை இழுக்கத் தொடங்கும்போது, முறுக்கம் போதியதாக இருந்தும் சில்லுகள் தண்டவாளத்தைப் பற்றாது வழுக்கும். பிடி என்பது நிறையைப் பொறுத்தது. ஆகவே வீ 60 எஞ்சினில், அடிச்சட்டத் தகடுகளைத் தடிப்பாக்கி, 48 தொன்னிலிருந்து 53 தொன்னாக வேண்டுமென்றே நிறை கூட்டப்பட்ட ஒரு வகையையும் செய்தார்கள். எது நன்மை, எது தீமை என்பது வேலையைப் பொறுத்தது என்பதற்கு இதனிலும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இதே பாடம் அமெரிக்காவில் பெருஞ் செலவுடன் கற்கப்பட்டது. 1960ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மின்வழி டீசல் எஞ்சின் ஒன்று 2400 குதிரைவலுவையும் தாண்டவில்லை. நீண்ட சரக்கு வண்டிகளை மலைகளின்மேல் ஏற்றப் பல எஞ்சின்களைக் கோக்க வேண்டியிருந்தது. ஆகவே சதேர்ன் பசிபிக், டென்வர்-றியோ கிராண்டே என்னும் இரண்டு நிறுவனங்கள், ஒவ்வொன்றும் 4000 குதிரைவலுவுள்ள எண்ணெய்வழி எஞ்சின்களைக் கிரவுஸ்-மாபையிடம் கேட்டன. 1961ஆம் ஆண்டில் மும்மூன்றாக ஆறு எஞ்சின்கள் கடல்கடந்து சென்றன. பின்னர் சதேர்ன் பசிபிக் மேலும் பதினைந்து வாங்கியது; 1964இல் மற்றைய நிறுவனம் தன் மூன்றையும் அதற்கே விற்றுவிட்டது.

சியரா நெவாடா மலையின் நீண்ட ஏற்றங்களிலும் சுரங்க வழிகளிலும், ஐரோப்பிய எஞ்சின்கள் என்றும் கண்டிராத அளவுக்குப் பல மணிநேரம் தொடர்ந்து முழு வலுவில் உழைக்க நேர்ந்தது. சுரங்கத்தின் சூடான, மெலிந்த காற்றில் பொறிகள் திணறின. ஈற்றில் அவை கலிபோர்னியாவின் சமவெளிக்கு மாற்றப்பட்டன. நுண்ணிய விரைவுப் பொறிகளைப் பழுதுபார்ப்பதில் பயிற்சி பெற்ற கைகளும், அருகிலேயே கிடைக்கும் உதிரிப்பாகங்களும் ஜேர்மனியில் இருந்தன. அமெரிக்கத் தொழிற்சாலைகளோ மெதுவாகச் சுழலும் பெரிய பொறிகளுக்கும் மின்மோட்டர்களுக்கும் பழகியவை. அதற்குள் அமெரிக்க நிறுவனங்களும் வலுமிக்க எஞ்சின்களை ஆக்கிவிட்டன. 1968ஆம் ஆண்டளவில் இருபத்தொரு எஞ்சின்களும் சேவையினின்று நீங்கின. பிரித்தானியாவும், நாடு முழுவதற்கும் ஒரே முறை வேண்டும் என்ற எண்ணத்தால், 1977ஆம் ஆண்டில் தன் கடைசி எண்ணெய்வழிப் பெருவழி எஞ்சின்களை நிறுத்திற்று.

ஜேர்மனியிலேயே பெரிய டீசல் சரக்கு எஞ்சின் வளரவில்லை என்பதையும் கூறவேண்டும். 1962இல் ஹென்ஷெல் நிறுவனம் ஏறத்தாழ 4000 குதிரைவலுவுள்ள வீ 320 எஞ்சினை ஆக்கியது. அது ஒன்றுடன் நின்றுவிட்டது. மிகப் பெரிய பாரங்கள் ஓடும் பாதைகள் மின்மயமாகிக்கொண்டிருந்ததால் அத்தகைய டீசலுக்கு அங்கே இடமில்லை.

கிழக்கு ஜேர்மனியின் கதை வேறு. அங்கும் பாபெல்ஸ்பேர்க் தொழிற்சாலை 1960களில் வீ 180 என்னும் எண்ணெய்வழி எஞ்சினைத் திறமையாக ஆக்கி வந்தது. 1965இல் அதனிலும் வலுமிக்க வீ 240இன் மாதிரியும் தயாராயிற்று. ஆனால் பொதுவுடைமை நாடுகளின் பொருளாதார மன்றத்தில் தொழில்கள் நாடுவாரியாகப் பங்கிடப்பட்டபோது, பெரிய டீசல் எஞ்சின்களைக் கட்டுவது சோவியத் நாட்டின் பங்காயிற்று. வீ 240 மாதிரியுடன் முடிந்தது. 1966ஆம் ஆண்டிலிருந்து உக்ரேனின் லுகான்ஸ்க் நகரில் ஆக்கப்பட்ட 2000 குதிரைவலு மின்வழி எஞ்சின்கள் சரக்கு வண்டிகளுக்காக வந்திறங்கின. தொடக்கத்தில் ஒலியடக்கி இன்றி வந்தமையால் அவை எழுப்பிய பேரொலியைக் கேட்ட மக்கள் அவற்றுக்குத் ‘தைகா முரசு’ என்று பெயரிட்டனர். அதன்பின் லுட்மிலா எனச் செல்லமாக அழைக்கப்பட்ட 3000 குதிரைவலு எஞ்சின்கள் 1973 முதல் 1982 வரை 700க்கு மேல் வந்தன. ஒரு தொழிற்சாலையின் அறிவு அரசியல் முடிவொன்றினால் அடங்கிப்போனது. ஆயினும் வந்த எஞ்சின்கள் உறுதியானவை என்பதையும் மறுக்க இயலாது. 1990இல் நாடு ஒன்றிணைந்த பின்னர் அவை மேற்குப் பகுதிக்கும் சென்று, உருக்காலைகளின் கனத்த பாரங்களையும் இழுத்தன.

எண்ணெய்வழிக்கு உண்மையான போட்டி இவ்வாறு வெளியிலிருந்து வந்ததைக் காட்டிலும், ஜேர்மனியின் உள்ளேயிருந்தே வந்தது எனலாம். பழைய மின்வழி எஞ்சினின் நேரோட்ட மோட்டரில் தூரிகைகளும் திக்குமாற்றியும் இருந்தன. அவை உராய்ந்து தேய்வன. மூவவத்தை ஆடலோட்ட மோட்டரில் அவை இல்லை. அது எளியது, இலேசானது, உறுதியானது. ஆனால் அதன் வேகம், மின்னோட்டம் ஒரு செக்கனில் எத்தனை முறை மாறி மாறிப் பாய்கின்றதோ அந்த மீடிறனைப் பொறுத்தது. மீடிறனை விரும்பியபடி கூட்டிக் குறைக்கும் வழி தெரியாதவரை அம்மோட்டர் புகையிரதத்திற்குப் பெரிதும் உதவவில்லை. குறைகடத்திகள் அவ்வழியைத் திறந்தன. ஹென்ஷெல்லும் பிரவுண்-பொவேரியும் சேர்ந்து 1971இல் வெளியிட்ட 2500 குதிரைவலு எஞ்சின், டீசலால் ஆடலோட்டத்தைப் பிறப்பித்து, அதன் மீடிறனை வேண்டியவாறு மாற்றி மோட்டர்களை இயக்கியது. அதன் நிறை 80 தொன் அளவே. எண்ணெய்வழியின் பெருமையாயிருந்த இலேசு, இப்பொழுது மின்வழிக்கும் கைவந்துவிட்டது.

எனினும் பழைய முறை ஒரேயடியாக மறையவில்லை. 1977ஆம் ஆண்டின் ஒக்ரோபரில் மேற்கு ஜேர்மனியின் கடைசி நீராவி எஞ்சின்கள் ஓய்வுபெற்றபோது, அவற்றின் வேலையைப் பகிர்ந்துகொண்டவற்றுள் எண்ணெய்வழி டீசல்களும் இருந்தன. 2006இல் வொயித் நிறுவனமே கீல் நகரில் 3600 கிலோவாற்று வலுவுள்ள மக்சிமா என்னும் சரக்கு எஞ்சினை ஆக்கிக் காட்டியது. ஒற்றைப் பொறியுடன் கூடிய எண்ணெய்வழி எஞ்சின்களுள் அதுவே உலகில் மிகப் பெரியது. ஆனால் ஏறத்தாழ இருபது எஞ்சின்களே கட்டப்பட்டன. சில ஆண்டுகளில் வொயித் எஞ்சின் கட்டுவதையே நிறுத்திற்று. முற்றங்களில் பெட்டிகளைத் தள்ளும் வேலையிலே எண்ணெய்வழி இன்றும் உறுதியாக நிற்கின்றது. நீண்டவழிச் சரக்குக்கோ, மின்கம்பி உள்ள இடத்தில் அதனைப் பற்றியும், இல்லாத இடத்தில் டீசலைக்கொண்டும் ஓடும் இருவகை எஞ்சின்கள் வந்துவிட்டன. சீமன்ஸ் நிறுவனம் 2018இல் அறிமுகப்படுத்திய அத்தகைய எஞ்சினில் டீசலின் வலு சில்லுக்குச் செல்லும் வழி மின்சாரமே.

இவ்விரு வழிகளும் நம் நாட்டுத் தண்டவாளங்களையும் தொட்டிருக்கின்றன. 1960களின் இறுதியில் இலங்கைப் புகையிரதப் பகுதி காசல் நகரின் ஹென்ஷெல் தொழிற்சாலையிலிருந்து எண்ணெய்வழி டீசல் எஞ்சின்களை வாங்கியது. அவை டபிள்யூ 1 வகுப்பைச் சேர்ந்தவை. பத்தாண்டுகளின் பின்னர், 1979இல், அதே தொழிற்சாலையிலிருந்து எம் 6 வகுப்பு எஞ்சின்கள் வந்தன, அவை மின்வழியின. விற்றவரும் வாங்கியவரும் ஒருவரே. விடை மட்டும் மாறியிருந்தது.

ஆகவே, ஜேர்மனியர் எண்ணெயை நம்பியது தவறா என்று கேட்பின், தவறன்று என்பதே நேர்மையான மறுமொழியாகும். 1950களின் மின்மோட்டர் கனத்ததாயிருந்தது. ஜேர்மனியின் டீசல் பாதைகள் நடுத்தரப் பாரமுடையன. பழுதுபார்க்கும் கைகள் பயிற்சி பெற்றவை. அந்த மூன்றும் கூடியிருந்த இடத்தில் எண்ணெய்வழி நாற்பது ஐம்பது ஆண்டுகள் குறைவின்றி உழைத்தது. அவற்றுள் ஒன்று இல்லாத இடத்திலும், ஒன்று மாறிய காலத்திலும் அது தளர்ந்தது. புதிய எஞ்சின் வாங்கும் நாடு அதன் குதிரைவலுவை மட்டும் கேட்டறிந்தாற் போதாது. அது ஏறவேண்டிய ஏற்றம் எத்தகையது, அது இழுக்கவேண்டிய பாரம் எவ்வளவு, அதனைத் திறந்து பழுதுபார்க்கப் போகும் கைகள் யாருடையவை என்பவற்றையும் வாங்கு முன்னரே கேட்டுத் தெளிதல் வேண்டும்.